விளக்கு மினுங்கும்போது நகர்த்தாதீர்கள்

1

வாசகரே, இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அக்காவின் மடிக்கணினியைக் கெடுத்தது நான். பழி அத்தான் தலையில் விழுந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. நேரில் சொல்லத் துப்பில்லாமல் கதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

எப்படித் தொடங்குவது?

மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு மாலையில், மடிக்கணினி ஒன்று...

(மழையே பெய்யவில்லை. தப்பு செய்தவன்தான் உடனே மழையைக் கூப்பிடுகிறான்.)

ஹார்ட் டிஸ்க் என்பது...

(இது என் பிழைப்பு. மடிக்கணினிகளுக்குப் பயன்பாட்டுக் கையேடு எழுதுகிறவன் நான். 'விளக்கு மினுங்கும்போது கணினியை நகர்த்தாதீர்கள்' என்பது நான் சம்பளம் வாங்கிக்கொண்டு எழுதிய வரி.)

2

இருந்தாலும் இதை விளக்காமல் கதை நகராது. பழைய மடிக்கணினிக்குள் ஒரு தட்டு சுற்றிக்கொண்டே இருக்கும். அதன்மேல் படாமல், மயிரிழையைவிடக் குறைந்த இடைவெளியில் ஒரு முள் மிதக்கும். தட்டு வேலை செய்யும்போது வெளியே ஒரு சின்ன விளக்கு மினுங்கும். ஓடும்போது இடிபட்டால் முள் தட்டில் உரசும். உரசிய இடத்தில் இருந்தது போயே போச்சு. இதற்காகவே ஒரு காவல் மென்பொருள் உண்டு. கணினி ஆடினால் முள்ளை ஓரமாக ஒதுக்கிவிடும். அந்த நேரம் திரை கொஞ்சம் உறைந்து நிற்கும்.

அக்காவின் கணினியைக் கதை எழுத இரவல் வாங்கினேன். மடியில் வைத்து எழுதும்போது எனக்குக் கால் ஆடும். ஆடும்போதெல்லாம் வாக்கியத்தின் நடுவில் திரை நின்றது. எரிச்சலில் காவலை அணைத்தேன். [இந்த வாக்கியத்தை இன்னும் சின்னதாக்க ஆசை.] பிறகு, ஓடிக்கொண்டிருந்த கணினியை ஒரு கையில் தூக்கி, மறு கையில் காப்பியோடு திரும்பியபோது கதவு நிலையில் இடித்தேன். ஒன்றும் ஆகவில்லை என்று நினைத்து, அணைத்துவிட்டு அக்காவின் மேசையில் வைத்துவிட்டேன். மறுநாள் அவள் திறந்தபோது டிக் டிக் என்ற சத்தம் மட்டும் வந்தது.

3

பக்கவாதத்தில் பேச்சுப் போனவர்களை மறுபடி பேசவைப்பது அக்காவின் வேலை. ஒரு பஸ் டிரைவரின் குரலை மாதாமாதம் அந்தக் கணினியில் பதிந்து வைத்திருந்தாள். முதல் பதிவுகளில் வெறும் முனகல். இப்போது மகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். ஆனாலும் ஒரு முன்னேற்றமும் இல்லை, இனி வரமாட்டேன் என்று கையை ஆட்டி அடிக்கடி முரண்டு பிடிப்பார். அப்போதெல்லாம் அக்கா பழைய முனகலைப் போட்டுக் காட்டுவாள். (நகல் வைத்துக்கொள்ள வேண்டாமா என்று கேட்பீர்கள். நகல் எடுத்துத் தருகிறேன் என்று சொல்லியிருந்தவனும் நான்தான்.)

அத்தானை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. அவர் நடந்தால் அலமாரியில் பாத்திரம் அதிரும். அவருக்கு 'பூகம்பம்' என்று பெயர் வைத்தது நான். அக்கா கணினியைத் திறந்த அன்று காலை அவர் அந்த மேசையை நகர்த்திப் பெருக்கியிருக்கிறார். பழி போட அது போதுமானதாக இருந்தது. முதல் வரைவில் அவரைக் கோமாளியாக எழுதினேன். படித்தால் சிரிப்பு வந்தது. கிழித்துப் போட்டேன்.

முதல் மாதப் பதிவுகளை மீட்க முடியாது என்று பழுதுபார்ப்பவர் கைவிரித்த அன்று அக்கா அழவில்லை. அத்தானைப் பார்த்தாள்.

"மெதுவா நடங்கன்னு எத்தனை தடவ சொல்லியிருக்கேன். அந்த மனுஷன்கிட்ட நான் இனிமே எதைப் போட்டுக் காட்டுவேன்?"

"நானாத்தான் இருக்கும்" என்றார் அத்தான். பிறகு என் பக்கம் திரும்பினார். "நீதான் இதெல்லாம் எழுதுறவனாச்சே. மேசைய நகர்த்தினாலே போயிடுமாப்பா?"

அவர் என்னைச் சந்தேகப்படவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அணைத்து வைத்த கணினியில் முள் ஓரமாக ஒதுங்கியிருக்கும், மேசையை நகர்த்தினால் ஒன்றும் ஆகாது. அந்த வீட்டில் இது தெரிந்த ஒரே ஆள் நான்.

"சில சமயம் போகும் அத்தான்" என்றேன்.

[இங்கே ஒரு பத்தி இருந்தது. அதில் நான் கொஞ்சம் நல்லவனாகத் தெரிந்தேன். அடித்துவிட்டேன்.]

என்னை நினைத்தால் எனக்கே கூசுகிறது.

4

முடிவு ஒன்று: தம்பி உண்மையைச் சொல்கிறான், அக்கா கண் கலங்கி அவனை மன்னிக்கிறாள். (என் கையேடுகளில்கூட இப்படிப் புளுகியதில்லை.)

முடிவு இரண்டு: பதிவுகள் இல்லாமலே டிரைவருக்குத் தன்மேல் நம்பிக்கை வருகிறது. (நேற்று அவர் பயிற்சிக்கு வரவில்லை. போனையும் எடுக்கவில்லை.)

முடிவு மூன்று: தம்பி, அக்காவை அத்தையாக்கி, கணினியைக் கடிகாரமாக்கி, கதையை ஒரு பத்திரிகைக்கு அனுப்பிவிட்டு நிம்மதியாக... (இதைத்தான் செய்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.)

5

நான் எதை எழுதினாலும் முதலில் படிப்பது ஒரே ஒருத்திதான். பிழை திருத்தி, 'இந்த இடம் ஒட்டல' என்று ஓரத்தில் குறித்துத் திருப்பி அனுப்புவாள். இவ்வளவு நேரம் வாசகரே என்று சுற்றி வளைத்தது அவளிடம் பேசப் பயந்துதான்.

அக்கா, இதில் கற்பனை எதுவும் இல்லை. டிரைவர் வீட்டுக்கு நானே போய், நடந்ததைச் சொல்கிறேன். இந்தக் கதையின் முடிவு உன் கையில். என்னைத் திட்டு, வீட்டுக்கு வராதே என்று சொல், எதுவானாலும் சரி. அதெல்லாம் அப்புறம். அத்தான் இப்போது வீட்டுக்குள் நுனிக்காலில் நடக்கிறார், நீயும் பார்த்திருப்பாய். முதலில் போய் அவரைக் காலை ஊன்றி நடக்கச் சொல்.