வேடிக்கை பார்த்தால் ஏறும் வோல்டேஜ்

1

இந்தக் கதைக்கு மூலம் நான் தட்டச்சு செய்த ஒரு வரி: "அளந்ததில் குறை இல்லை. புகார் முடிக்கப்பட்டது." அப்போது மின்சாரப் புகார் அலுவலகத்தில் இரவுப் பணியில் இருந்தேன். அந்த வரியை ஒரே பெண்ணுக்கு இரண்டு முறை அனுப்பினேன். அளவு பொய்யில்லை. அவள் புகாரும் பொய்யில்லை. இரண்டும் எப்படி உண்மையாக இருக்கும் என்று யோசித்ததில் வேலை போயிற்று.

[நானே விட்டதாக வீட்டில் சொல்லியிருக்கிறேன். நீங்களும் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.]

2

முதல் தொடக்கம்: "கம்பி முடிகிற இடத்தில் அந்த ஊர், தன் இருளைப் போர்த்திக்கொண்டு..."

வேண்டாம். அந்த ஊரில் இருள் எல்லாம் கிடையாது. விளக்கு எரிகிறது. மின்சாரத்துக்கு வலுதான் இல்லை.

இரண்டாம் தொடக்கம்: மில்காரம்மாவின் மாவு மில் ஊரின் கடைசிக் கம்பத்தடியில் இருந்தது. காலையில் வயல்களில் முப்பது பம்புசெட்டும் ஓட ஆரம்பித்தால், இருநூற்று முப்பது வோல்ட் வரவேண்டிய மில்லுக்கு நூற்று அறுபதுதான் வரும். மோட்டார் முனகும், சூடாகும், புகையும். இரண்டு தடவை மோட்டாரின் கம்பிச்சுருள் கருகிவிட்டது. இன்னொரு தடவை கருகினால் மில்லைப் பூட்டவேண்டியதுதான். அவள் கேட்டது ஒன்றே ஒன்று: ஊருக்கு இன்னொரு டிரான்ஸ்பார்மர்.

அழகில்லை. ஆனால் ஓடுகிறது. இருக்கட்டும்.

3

அளக்க ஜீப் வந்த இரண்டு தடவையும் மீட்டர் இருநூற்று முப்பது காட்டியது. காரணம், ஜீப் வந்தால் ஊரே வேடிக்கை பார்க்க வந்துவிடும். ஓடுகிற பம்புசெட் மோட்டாரைத் தனியே விட்டுவிட்டு யாரும் நகரமாட்டார்கள்; புகைந்தால் நிறுத்த ஆள் வேண்டுமே. அதனால் அணைத்துவிட்டு வருவார்கள். மொத்த ஊரும் கூடி நின்று "வோல்டேஜே இல்லீங்க" என்று சாட்சி சொல்லச் சொல்ல, மீட்டரில் முழு வோல்டேஜ் நிற்கும்.

மில்காரம்மாவுக்கு இரண்டாம் முறைதான் இது பிடிபட்டது. குறைதீர் மன்றத்துக்குப் போனாள். தான் சொல்லும் நேரத்தில், தன் கண்ணெதிரே அளக்கும்படி கேட்க நுகர்வோருக்கு உரிமை உண்டு.* மன்றமும் ஒப்புக்கொண்டது. புதன்கிழமை காலை பத்து மணி, கடைசி அளவு. இருநூற்றுக்குக் கீழே இருந்தால் டிரான்ஸ்பார்மர். மேலே இருந்தால் புகார் தள்ளுபடி.

* விதி எண் கேட்காதீர்கள். இந்தக் கதையின் மன்றத்துக்கு நானே எழுதிய விதி.

4

செவ்வாய்க்கிழமை வீடு வீடாகப் போய்ச் சொன்னாள். கடைசியாக நாத்தனார் வீடு.

"நாளைக்கு ஜீப் வந்தா நீ வரக்கூடாது."

"ஏன் அண்ணி, நான் என்ன வேண்டாதவளா?"

"உன் மோட்டார் ஓடணும். நீ பக்கத்துலயே இருக்கணும்."

"ஆபீசர் வர்றப்ப எட்டிக்கூடப் பாக்கலைன்னா மரியாதையா இருக்குமா?"

"உன் மரியாதையாலதான் ரெண்டு தடவை நான் பொய்க்காரி ஆனேன்."

"சரி, சரி. ஆனா என்ன நடந்துச்சுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"சாயங்காலம் வந்து நடிச்சுக் காட்டுறேன்."

"ஜீப்பையும் சேர்த்தா?"

"ஜீப்பையும் சேர்த்து. ஹாரன்கூட அடிக்கிறேன், போதுமா?"

[நாத்தனாரை முதலில் பொறாமைக்காரியாக எழுதியிருந்தேன். எனக்கே நம்பிக்கை வரவில்லை. அவளுக்குப் பொறாமை கிடையாது. வீட்டில் உட்காரத்தான் முடியாது.]

5

புதன்கிழமை பத்து மணிக்குக் கால் மணி நேரம் இருக்கும்போது ஜீப் வந்தது. இளம் என்ஜினியர் இறங்கித் தெருவை ஒருமுறை பார்த்தார்.

"என்னம்மா, ஊரே காலியா கெடக்கு? ஏதாவது துக்கமா?"

"எல்லாரும் வேலையா இருக்காங்க சார். நீங்க அளங்க."

மீட்டரை மாட்டினார். நூற்று அறுபத்திரண்டு. மில்காரம்மாவுக்குச் சிரிப்பு முட்டியது. இவ்வளவு மோசமான எண்ணைப் பார்த்து இவ்வளவு சந்தோஷப்பட்டவள் வேறு யாரும் இருக்கமாட்டாள்.

"பத்து மணிக்கு என்ன காட்டுதோ, அதைத்தான் எழுதுவேன்," என்றார் அவர்.

நூற்று அறுபத்தொன்பது.

அவள் தலையைத் திருப்பினாள். தெருமுனையில் நாத்தனார்.

"சும்மா இந்தப் பக்கமாப் போனேன் அண்ணி!"

அவளைப் பார்த்து இன்னும் நாலு பேர். அவர்களைப் பார்த்து மற்றவர்கள். ஆள் ஏற ஏற எண்ணும் ஏறியது. நூற்றுத் தொண்ணூறு. இருநூற்றுப் பத்து. இருநூற்று இருபத்தாறு.

"ஆள் வந்தா ஏறுதே!" என்றார் என்ஜினியர். "இது வோல்ட் மீட்டரா, வருகைப் பதிவேடா?"

"போங்க! எல்லாரும் போய் மோட்டாரைப் போடுங்க!" மில்காரம்மா முறத்தை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினாள். ஊர் ஓடியது. நாத்தனார் எல்லாருக்கும் முன்னால் ஓடினாள். ஒவ்வொரு பம்புசெட்டாக இரையத் தொடங்கியது. எண் இறங்கியது. இருநூற்று இருபது, இருநூற்று எட்டு, இருநூற்று ஒன்று.

அதோடு நின்றுவிட்டது.

6

தெருவில் ஒருவரும் இல்லை. முப்பது பம்புசெட்டும் ஓடுகின்றன. அவள் காதால் எண்ணிவிட்டாள்.

"இன்னும் யாரோ நின்னு பாக்குறாங்க சார்," என்கிறாள். தெருவைப் பார்த்தல்ல. இந்தப் பக்கம் திரும்பி.

[மூன்று முடிவுகள் எழுதி வைத்திருந்தேன். டிரான்ஸ்பார்மர் வந்து இறங்குவது, என்ஜினியர் கண்ணை மூடிக்கொண்டு பழைய எண்ணை எழுதுவது, அவள் மில்லைப் பூட்டி...

மூன்றிலும் நீங்கள் நின்று பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.]

பத்துக்கு ஒரு நிமிடம். என்ஜினியர் பேனாவைத் திறந்துவிட்டார். என்ன ஆகும் என்று தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறீர்கள், தெரிகிறது. ஆனால் நீங்கள் நிற்கும்வரை அந்த எண் இறங்காது. பக்கத்தை மூடுங்கள். வீட்டுக்குப் போய் மோட்டாரைப் போடுங்கள். முறத்தோடு வருகிறாள், சீக்கிரம்.