ஜன்னல் பக்கம்

மலைப்பாதையில் ஏறத் தொடங்கியதிலிருந்து எத்தனையாவது முறை என்று தெரியவில்லை, கார் மறுபடியும் நின்றது. பின் சீட்டில் காலை மடக்கிப் படுத்திருந்தவளுக்குக் கண்ணைத் திறக்காமலே விஷயம் புரிந்துவிட்டது. இதுவும் பஸ் ஸ்டாப்தான். இருபது வருஷத்துக்கு மேலாக டவுன் பஸ் ஓட்டுகிற மனுஷருக்கு, தகரக் கூரை போட்ட நிழற்குடை ஒன்று கண்ணில் பட்டால் போதும், கால் தானாகப் பிரேக்குக்குப் போய்விடும். லீவு போட்டாகிவிட்டது, இது தம்பியிடம் இரவல் வாங்கிய கார், பெண்டாட்டிக்கு மலையைச் சுற்றிக்காட்ட அழைத்துப் போகிறோம் என்பதெல்லாம் மூளைக்குத் தெரியும். காலுக்கு யார் போய்ச் சொல்வது?

“ஏங்க, யாராவது ஏறப்போறாங்களா?”

“சும்மா படு. வியூ பாக்கலாமேன்னு நிறுத்தினேன்.”

ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தாள். நிழற்குடைக்குள் ஒரு நாய் படுத்திருந்தது. “நல்ல வியூதான் போங்க,” என்று திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

நிஜமாகவே பார்க்க வேண்டிய இடங்களும் வழியில் வராமல் இல்லை. அங்கெல்லாம் அவர் இறங்கிப் பார்த்தார். அவள்தான் இறங்கவில்லை. இரவு முழுக்க ஆஸ்பத்திரி லாண்டரியில் நின்றுவிட்டு, விடிந்ததும் வீட்டுக்கு வந்து, தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு அப்படியே காரில் வந்து விழுந்தவள். அருவியின் இரைச்சல் காதில் கேட்டது. இமை பிரிய மறுத்தது. ஒரு வளைவில் அவர் கம்பியைப் பிடித்தபடி, குடும்பம் குடும்பமாகப் படமெடுத்துக்கொண்டிருந்தவர்களுக்கு நடுவில் ஒண்டியாக நிற்பதைப் பாதிக் கண்ணால் பார்த்தாள். பாவமாகத்தான் இருந்தது. அவர் கார் பக்கம் திரும்பியதும் சட்டென்று கண்ணை இறுக்கிக்கொண்டாள். கதவைச் சத்தமில்லாமல் சாத்தி, வண்டியை மெதுவாக எடுத்தார்.

தூக்கம் மட்டும் காரணமில்லை. அவரிடம் சொல்லாமல் ஒரு விஷயத்தை அவள் மறைத்துவைத்திருந்தாள். லாண்டரியில் இந்த மாதத்தோடு இரவு ஷிப்டை எடுக்கப்போகிறார்கள். இனிமேல் இங்கேயே பகல் வேலைக்கு வரலாம், இல்லையென்றால் ஊரின் அந்தக் கோடியில் இருக்கிற இன்னொரு ஆஸ்பத்திரியில் இரவு வேலை காலி இருக்கிறது, அதற்குப் போகலாம். எல்லாரும் பகல் பகல் என்று விழுந்தடித்துப் பேர் கொடுத்தபோது, இவள் ஒருத்தி மட்டும் இரவு என்றாள். சூப்பர்வைசர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தார். “வீட்டுல கேட்டுட்டு மாசக் கடைசித் திங்கக்கிழமை உறுதியா சொல்லும்மா,” என்றார். வீட்டில் இன்னும் கேட்கவில்லை. கேட்கிற உத்தேசமும் இல்லை.

அவர் கெட்டவரா என்றால், சேச்சே. குடியில்லை, கையோங்கினதில்லை, ஒரு வேளை சோற்றில் உப்பு தூக்கலாக இருந்தாலும் தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்து போகிற ஆள். மகள் நடக்கப் பழகிய சமயத்தில், பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் இரண்டு பேரும் சேர்ந்து எடுத்த முடிவுதான் இது. அவருக்குப் பகலெல்லாம் பஸ், அவளுக்கு இரவெல்லாம் லாண்டரி. காலையில் அவள் செருப்பைக் கழற்றும்போது அவர் ஷூவை மாட்டிக்கொண்டிருப்பார். பால் காய்ச்சியாகிவிட்டது, பாப்பாவுக்கு லேசாக மூக்கு ஒழுகுகிறது, காஸ் தீரப்போகிறது. டிப்போவில் வண்டியை ஒப்படைக்கிற மாதிரி வீட்டை ஒப்படைத்துவிட்டுக் கிளம்பிவிடுவார். ராத்திரி அதையே அவள் செய்வாள். அவளுக்கு வார விடுமுறை ஒரு நாள், அவருக்கு வேறொரு நாள். விடுமுறை ராத்திரிகளில் மகள் பக்கத்தில் போய்ப் படுத்துக்கொள்வாள். மகள் வளர்ந்து, படித்து, வெளியூரில் வேலைக்கும் போய்விட்டாள். இவள் இன்னும் அந்த அறையிலேயே போய்ப் படுத்துக்கொள்கிறாள். ஷிப்டை மாற்றலாமே என்று யாரும் கேட்கவில்லை. அவர்கள் இரண்டு பேரும்கூடத்தான்.

வீட்டில் இருப்பது இரட்டைக் கட்டில். அதில் கதவுப் பக்கத்துப் பாதியில் எப்போதும் துவைத்த துணி குவிந்து கிடக்கும். ஊர்ப்பட்ட படுக்கை விரிப்பை மடித்துவிட்டு வருகிறவளுக்கு வீட்டுத் துணியை மடிக்கக் கை வராது. ஜன்னல் பக்கத்துப் பாதியில்தான் ராத்திரி அவர் படுப்பார். அவர் எழுந்துபோன சூடு ஆறுவதற்குள் அவள் போய் விழுவாள். மெத்தையில் ஒரே ஒரு பள்ளம், ஜன்னல் பக்கம். அது யார் உடம்புக்கு விழுந்த பள்ளம் என்று கேட்டால் இரண்டு பேராலும் சொல்ல முடியாது.

மரக்கட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டிய, அவர்கள் தங்கப்போகிற விடுதி, வளைவைத் தாண்டியதும் மரங்களுக்கு நடுவே தெரிந்தது. மகளுக்கு இந்த மாதிரி விடுதிகளில் அறை பதிவு செய்து தருகிற கம்பெனியில் வேலை. புதுசாகக் கல்யாணம் ஆன ஜோடி ஒன்று பணமெல்லாம் கட்டிவிட்டுக் கடைசி நேரத்தில் வரவில்லை என்று சொல்லிவிட்டது. அறை சும்மா கிடக்கிறதே என்று மேனேஜரிடம் கெஞ்சிக் கூத்தாடி அப்பா அம்மாவுக்கு வாங்கிக் கொடுத்திருந்தாள். விடுதிக்காரர்களுக்கு அதை யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. வரவேற்புப் பெண் இரண்டு பூங்கொத்துகளோடு ஓடிவந்து, காருக்குள் எட்டிப் பார்த்தாள். பின் சீட்டில் முடி கலைந்து உட்கார்ந்திருந்தவளைப் பார்த்து ஒரு கணம் திகைத்தாள்.

“சார், மாப்பிள்ளை பொண்ணு பின்னாடி வண்டியில வராங்களா?”

“நாங்கதாம்மா மாப்பிள்ளை பொண்ணு,” என்றார் டிரைவர், இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கியபடி. “வழியில டிராபிக். கொஞ்சம் லேட்டாயிடுச்சு.”

அந்தப் பெண் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் பூங்கொத்தை நீட்டினாள். இவளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. வாங்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு உள்ளே நடந்தாள்.

உள்ளே போனால், அடேயப்பா! ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி, அதற்கு வெளியே மலை. குளியலறையில் ஓர் ஆள் நீட்டிப் படுக்கிற அளவுக்குத் தொட்டி. குத்துவிளக்கு உயரத்தில் ஒரு காப்பி மெஷின், அதில் எந்தப் பட்டனை அழுத்தினாலும் முதலில் உறுமியது. கட்டிலில் ரோஜா இதழ்களை இதய வடிவில் கொட்டி, துண்டைச் சுருட்டி இரண்டு அன்னங்கள் செய்து மூக்கும் மூக்கும் ஒட்டிக்கொண்டிருக்கிற மாதிரி வைத்திருந்தார்கள். அவள் விரிப்பின் ஓரத்தை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தாள். ரத்தமோ மருந்தோ படாத துணி. இதை ஒரு தரம் கசக்கினால் எவளோ ஒருத்தி எங்கேயோ நின்றுகொண்டு திரும்ப மடிக்க வேண்டும். அன்னங்களைத் தூக்கி மேஜைமேல் வைத்தாள். இதழ்களை ஒன்றுவிடாமல் அள்ளிக் குப்பைக்கூடையில் போட்ட பிறகுதான் அவளுக்கு மூச்சே வந்தது.

அவர் முகம் கழுவிவிட்டு வந்தார். விடியலிலிருந்து வண்டி ஓட்டி வந்த கண்கள் சிவந்து கிடந்தன. நேரே ஜன்னல் பக்கம் போனார். அதே சமயம் இவளும் கட்டிலைச் சுற்றிக்கொண்டு ஜன்னல் பக்கம் வந்திருந்தாள். ஒரே தலையணைக்கு முன்னால் இரண்டு பேரும் முட்டிக்கொள்ளாத குறையாக நின்றார்கள்.

“நீ படு.”

“இல்ல, நீங்க படுங்க.”

“நீதான ராத்திரி பூரா நின்னவ. படு.”

“நான் வழியெல்லாம் தூங்கிட்டுதான வந்தேன். நீங்க படுங்க.”

பஸ்ஸில் முன்பின் தெரியாத இரண்டு பேர் ஒரு சீட்டை ஒருத்தருக்கொருத்தர் விட்டுக்கொடுக்கிற மாதிரி இருந்தது. கடைசியில் அவர் ஜன்னல் பக்கம் சரிந்தார். அவள் மறுபக்கம் போய், ஓரமாக, விறைத்துக்கொண்டு படுத்தாள். இடது பக்கம் சுவர் இல்லை, காற்று இல்லை, வலது பக்கம் ஒரு ஆளின் மூச்சு. தூக்கமா வரும்? அவர் அடித்துப்போட்டது போலத் தூங்கிப்போனார்.

கொஞ்ச நேரம் கழித்து விரிப்புக்குள் ஏதோ அசைந்தது. தலையைத் தூக்கிப் பார்த்தாள். அவருடைய வலது கால். குதிகால் மெத்தையில் ஊன்றி, பாதம் அழுந்தி, விட்டு, மறுபடி அழுந்தியது. தூக்கத்தில் மனுஷர் பிரேக் போட்டுக்கொண்டிருந்தார். இத்தனை வருஷமாக இது நடந்துகொண்டிருக்கிறதா? மகளுக்கு எத்தனை மாதத்தில் பல் முளைத்தது என்பது தெரியும். அவர் சட்டைக் காலர் எந்த இடத்தில் முதலில் கிழியும் என்பது தெரியும். இது தெரியாது. எழுந்து வெளி வராந்தாவில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

வெயில் இறங்கிய பிறகு அவர் இரண்டு கோப்பைகளோடு வந்தார். மெஷினோடு மல்லுக்கட்டி எப்படியோ டீ மாதிரி ஒன்றைக் கறந்திருந்தார். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து மலையைப் பார்த்தார். அவளும் பார்த்தாள். பள்ளத்தாக்கில் ரோடு வளைந்து வளைந்து கிடந்தது.

“உங்க சூப்பர்வைசர் என் வண்டியிலதான் வராரு,” என்றார், ரோட்டைப் பார்த்தபடியே. “குடைய மடியில வெச்சுக்கிட்டு முன் சீட்டுல உக்காருவாரு.”

அவள் கோப்பையை வாயிலிருந்து எடுத்தாள்.

“ராத்திரி ஷிப்ட எடுக்கறாங்களாமே.”

“ம்.”

“நீ அந்த ஆஸ்பத்திரிக்கு, ராத்திரிக்கே பேர் குடுத்திருக்கியாமே.”

“எப்ப சொன்னாரு?”

“ஆச்சு, ரெண்டு மூணு வாரம். தினமும் நீ கிளம்பும்போது பாப்பேன், இன்னிக்கு சொல்லுவா, இன்னிக்கு சொல்லுவான்னு. நீ தண்ணி மோட்டாரப் பத்தி சொன்ன. எதிர்வீட்டுப் பூனையப் பத்தி சொன்ன.” கோப்பையைக் கீழே வைத்தார். “நான் என்ன, கடிச்சா திங்கப்போறேன்?”

“அய்யோ, அப்படியெல்லாம் இல்லீங்க.”

“பின்ன?”

“கோவமா?”

“கோவப்படவெல்லாம் தெம்பு இல்ல. அசதியா இருக்கு.”

அவர் அப்படிச் சொன்னவிதம் அவளை என்னவோ செய்தது. திட்டியிருந்தால்கூடப் பதிலுக்கு நாலு வார்த்தை பேசியிருப்பாள். புடவைத் தலைப்பை விரலில் சுற்றிப் பிரித்துச் சுற்றினாள்.

“பயமா இருக்குங்க,” என்றாள். “ஷிப்ட் மாத்திக்கிற அந்த அரை மணி நேரம்னா எனக்குப் பேசத் தெரியும். ராத்திரி பூரா ரெண்டு பேரும் வீட்டுல இருந்தா என்னங்க பேசறது? பேசி முடிச்சிட்டு, இவ்வளவுதானான்னு உங்களுக்குத் தோணிட்டா?”

அவர் அவள் பக்கம் திரும்பினார். “எதுக்குப் பேசணும்? ராத்திரியில எல்லாரும் தூங்கத்தான செய்யறாங்க.”

“அதுவும் எனக்குத் தெரியாதே.”

கீழே ரோட்டில் ஒரு பஸ் விளக்கைப் போட்டுக்கொண்டு ஏறி வந்தது. அது ஒவ்வொரு வளைவிலும் மறைந்து வெளிப்படுவதை அவர் கண் விடாமல் பின்தொடர்ந்தது.

“கண்ணாடியில ஓடி வர்ற ஆளப் பாத்துட்டேன்னா நான் நின்னுதான் எடுப்பேன். டிப்போவுல அதுக்கு வாங்காத திட்டில்ல,” என்றார். “ஆனா ஆளு ஓடி வரணும்ல. ஸ்டாப்புல உக்காந்துக்கிட்டு என்னையே பாத்துட்டிருந்தா, நான் எவ்வளவு நேரந்தான் வண்டிய நிறுத்தறது?”

சொல்லிவிட்டு அவருக்கே கூச்சமாகிவிட்டது. இவ்வளவு நீளமாக அவர் பேசி அவள் கேட்டதேயில்லை. “பசிக்குது, ரொட்டி ஏதாவது இருக்கா பாரு,” என்று எழுந்து உள்ளே போய்விட்டார். அவளும் பின்னாலேயே உள்ளே போனாள். ரொட்டிக்கு வெண்ணெய் தடவி, அறையில் வைத்திருந்த அவித்த முட்டையை உரித்துக் கொடுத்தாள். முட்டை நன்றாக வெந்திருக்கிறது என்றார். ஆமாம் என்றாள்.

படுக்கும்போது, “நீங்களே ஜன்னல் பக்கம் படுங்க,” என்றாள். அவர் மறுக்கவில்லை. அவள் மறுபக்கத்து ஓரத்தில் படுத்துக் கூரையின் மரக்கட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தாள். எப்படியும் தூங்கப்போவதில்லை. இந்நேரம் லாண்டரியில் முதல் வண்டி அழுக்குத்துணி வந்து இறங்கியிருக்கும். திங்கட்கிழமை என்ன சொல்வது என்று யோசித்தது வரைக்கும்தான் அவளுக்கு நினைவிருந்தது.

கண்ணைத் திறந்தபோது கண்ணாடிச் சுவர் வெளுத்திருந்தது. எங்கேயிருக்கிறோம் என்றே முதலில் விளங்கவில்லை. வேலைக்குப் போகாமல் தூங்கிவிட்டோமே என்று நெஞ்சு திடுக்கென்றது. பிறகுதான் தன் மூக்கு ஒரு பனியனில் புதைந்திருப்பது தெரிந்தது. டீசலும் சோப்பும் கலந்த வாசம். தினமும் காலையில் அவள் தலையணையிலிருந்து எழும்பும் அதே வாசம், ஆனால் சூடாக.

மெல்லத் தலையைத் திருப்பினாள். முதுகுக்குப் பின்னால் கட்டிலில் முக்கால்வாசி வெறும் மைதானமாகக் கிடந்தது. தூக்கத்தில் அவள்தான் உருண்டு உருண்டு ஜன்னல் பக்கம் வந்திருக்கிறாள். தன் பள்ளத்தைத் தேடி வந்தாளா, வேறு எதையாவது தேடி வந்தாளா என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. வந்தவள் அவரை நெட்டித் தள்ளி விளிம்புக்கே கொண்டுபோயிருந்தாள். அவர் பாதி உடம்பு கட்டிலில், பாதி அந்தரத்தில் என்று ஒருக்களித்துத் தூங்கிக்கொண்டிருந்தார். அவளை எழுப்பி, அந்தப் பக்கம் போ என்று சொல்லியிருக்கலாம். கட்டிலைச் சுற்றிக்கொண்டு போய் அவராவது அங்கே படுத்திருக்கலாம்.

வலது காலைக் கீழே இறக்கி, பாதத்தைத் தரையில் அழுத்தி ஊன்றியிருந்தார். கணுக்கால் நரம்பு புடைத்திருந்தது. அழுத்தின கால் இம்முறை விடவேயில்லை.

நகர்ந்து கொடுத்தால் அவருக்கு இடம் கிடைக்கும். நகர்ந்தால் விழித்துக்கொள்வார். அவள் மூச்சை அடக்கிக்கொண்டு, கையை மட்டும் நீட்டி, அவர் இடுப்புப் பக்கம் பனியனை ஒரு கொத்தாகப் பற்றினாள். விழுந்துவிடாமல் பிடித்துக்கொண்டு அப்படியே படுத்திருந்தாள்.