வடக்கு வழி பஸ்

ஆர்லோ ட்வேட்டைப் புதைத்துவிட்டு வந்து, சர்ச்சின் கீழ்த்தளத்தில் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோதுதான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன். பன்னுக்குள் வெண்ணெய் தடவி வைத்த பன்றி இறைச்சி, உருளைக்கிழங்கு சாலட், மூன்று வகை கேக், வெந்நீர் மாதிரி ஒரு காப்பி. எங்கள் லார்ஸ்டாட் ஊரில் யார் செத்தாலும் இதே சாப்பாடுதான். நானும் மார்லிஸும் சுவரோரமாக ஒரு மேஜையில் உட்கார்ந்திருந்தோம். அவள் முடிவெட்டும் கடை வைத்திருக்கிறாள். நான் தானியக் கிடங்கில் லாரிகளை எடைபோடுகிறேன். இரண்டு பேருமே பள்ளி போர்டு உறுப்பினர்கள். போர்டில் மொத்தம் ஐந்து பேர்.

ஐந்தில் மூன்று பேர் ஓரிடத்தில் சேர்ந்து பள்ளிக்கூட விஷயம் பேசினால் அது கூட்டம். கூட்டம் என்றால் இரண்டு நாள் முன்பே தபால் நிலையக் கதவில் அறிவிப்பு ஒட்டியிருக்க வேண்டும், யார் வேண்டுமானாலும் வந்து உட்கார்ந்து கேட்கலாம். ஒட்டாமல் பேசினால் சட்டவிரோதம். பூட்டிய அறைக்குள் பேசி முடித்துக்கொள்கிறவர்களை அடக்க வந்த நல்ல சட்டம்தான், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் முந்நூற்றுச் சொச்சம் பேர் இருக்கிற ஊரில், ஒரே சர்ச், ஒரே சாப்பாட்டுக் கடை, ஒரே தானியக் கிடங்கு இருக்கிற ஊரில், ஐந்து பேர் ஒருவர் கண்ணில் ஒருவர் படாமல் எங்கே போய் ஒளிவது? அதனால் நாங்களாக ஒரு பழக்கம் வைத்திருந்தோம். இரண்டு பேர் ஒரு மேஜையில் இருந்தால் மூன்றாவது ஆள் வேறு மேஜைக்குப் போய்விடுவார். தூரத்திலிருந்து தலையை ஆட்டுவதோடு சரி. ஊருக்குப் புதிதாக வருகிறவர்கள் எங்களுக்குள் ஏதோ தீராப் பகை என்றுதான் நினைப்பார்கள்.

அன்று மூன்றாவதாக வந்து உட்கார்ந்தவர் கர்ட்டிஸ் ட்வேட். இறந்தது அவருடைய அண்ணன். வந்தவர்களுக்கு நன்றி சொல்லி மேஜை மேஜையாகப் போய்க்கொண்டிருந்தவர், எங்களிடம் வந்ததும் முட்டி வலிக்கிறதென்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். எழுபத்திரண்டு வயது. போட்டிருந்த கோட்டு யாரிடமோ இரவல் வாங்கியது, தோளில் தொங்கியது. அண்ணனைப் புதைத்துவிட்டு வந்தவரிடம், போர்டு ஆள் மூணு பேர் ஆகிவிட்டது, எழுந்திருங்கள் என்றா சொல்வது? சும்மா உட்கார்ந்திருப்பதில் தப்பும் இல்லை. மழை பற்றிப் பேசலாம், கோதுமை பற்றிப் பேசலாம். ஆனால் எனக்குத் துக்கம் விசாரிக்கத் தெரியாது. என்ன சொல்வது என்று தவித்துத் தவித்து, கடைசியில் வாயில் வந்தது இதுதான்.

"ஆர்லோ எத்தன வருஷம் வடக்கு வழி பஸ் ஓட்டினாரு?"

"பதினோரு வருஷம். ஒரு நாள் லீவு போட்டதில்ல. பனியில வண்டி சிக்கிக்கிட்டப்பகூட புள்ளைங்கள உள்ளயே வச்சுக்கிட்டு மூணு மணி நேரம் கதை சொல்லிக்கிட்டிருந்தான். எல்லாம் பொய்க் கதை" என்று சிரித்தார் கர்ட்டிஸ். அன்று காலையிலிருந்து அவர் சிரித்தது அப்போதுதான் என்று நினைக்கிறேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தியிருந்தால் இதையெல்லாம் இப்போது சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

"அந்த பஸ்ஸத்தான் செலவு கட்டுபடியாகலன்னு நிறுத்தணும்னு டுவேன் ஒத்தக் கால்ல நிக்கிறாரு. திங்கக்கெழம ஓட்டுக்கு வருது. நீங்க நம்ம பக்கந்தானே?"

மார்லிஸ் மேஜைக்கு அடியில் என் காலை நன்றாக மிதித்தாள்.

"ஆர்லோ ஓட்டின பஸ்ஸ நிறுத்துறதுக்கு நான் கை தூக்குவேனா? என்ன பேச்சு பேசுற நீ" என்றார் அவர்.

"அப்ப மூணு ஆச்சு" என்றேன். சந்தோஷத்தில் கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன். என் தோளுக்குப் பின்னால் காப்பிப் பாத்திரத்தோடு நின்றிருந்தது லோயிஸ், போர்டு தலைவர் டுவேனின் மனைவி. என் கோப்பையை நிரப்பிவிட்டு அடுத்த மேஜைக்குப் போனாள்.

நான் போர்டுக்கு நின்றதே அந்த பஸ்ஸுக்காகத்தான். வடக்குச் சாலையில் கடைசி வீடு ட்ரிஷாவுடையது. பள்ளிக்கூடத்திலிருந்து முப்பத்து நாலு மைல். அவள் வேலை பார்க்கும் முதியோர் இல்லம் இருப்பது எதிர்ப்பக்கம், பென்னரில். காலை ஏழேகாலுக்கு இரண்டு பெண்களையும் பஸ்ஸில் ஏற்றிவிட்டால்தான் எட்டு மணிக்கு அவள் வேலையில் நிற்க முடியும். புருஷன் விட்டுப் போய் நாலு வருடமாகிறது. பென்னரிலும் பள்ளிக்கூடம் இருக்கிறது, அங்கேயே சேர்த்துவிட வேண்டியதுதானே என்று டுவேன் கேட்பார். சேர்த்துவிடலாம். ஆனால் பெரியவள் ஹாடிக்குத் திக்குவாய். முதல் இரண்டு வருடம் வகுப்பில் அவள் வாயே திறக்கவில்லை. மூன்றாவது வருடம் இங்கே ஒரு டீச்சர், ஆறே பிள்ளைகள் இருந்த வகுப்பு, யாரும் அவசரப்படுத்தவில்லை. போன கிறிஸ்துமஸ் நிகழ்ச்சியில் அந்தப் பெண் மேடையில் நின்று நாலு வரி சொன்னாள். சொல்லி முடிக்க எவ்வளவு நேரம் ஆனதென்று யாரும் பார்க்கவில்லை. ட்ரிஷா என் பக்கத்தில் உட்கார்ந்து என் கையைப் பிடித்து நசுக்கிக்கொண்டிருந்தாள்.

போன வருடம் நான் தேர்தலில் நின்றபோது அட்டையில் அச்சடித்தது ஒரே வரிதான்: வடக்கு வழி பஸ் நிற்காது. ட்ரிஷா அந்த அட்டைகளை எடுத்துக்கொண்டு, வேலை முடிந்து வந்த களைப்போடு, வடக்குச் சாலையில் வீடு வீடாகப் போனாள். நாய் கடித்ததும் அவளைத்தான். அறுபத்தொன்றுக்கு ஐம்பத்தெட்டு. மூன்று ஓட்டில் ஜெயித்தேன்.

திங்கட்கிழமை, பஸ்ஸை இந்த வருடமும் ஓட்டும் தீர்மானம் மூன்றுக்கு இரண்டு என்று நிறைவேறியது. நானும் மார்லிஸும் கர்ட்டிஸும் ஒரு பக்கம், டுவேனும் இன்சூரன்ஸ் பார்க்கிற கென்ட்டும் ஒரு பக்கம். பின்வரிசையில் உட்கார்ந்திருந்த ட்ரிஷா இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். எனக்கு இருந்த கர்வம் கொஞ்சநஞ்சமில்லை. சொன்னதைச் செய்தேனா இல்லையா என்று ஊரையே நிறுத்திக் கேட்க வேண்டும்போல இருந்தது.

ஒன்பது நாள் கழித்து மாவட்ட வழக்கறிஞரிடமிருந்து கடிதம் வந்தது. ஜூலை ஆறாம் தேதி ஆர்லோ ட்வேட்டின் இறுதிச் சடங்கின்போது சர்ச் கீழ்த்தளத்தில் போர்டு உறுப்பினர்கள் மூன்று பேர் அறிவிப்பில்லாமல் கூட்டம் நடத்தியிருக்கிறார்கள், வாக்கு எண்ணிக்கையும் பேசி முடிவு செய்திருக்கிறார்கள். ஆகவே தீர்மானம் செல்லாது, ஆகஸ்ட் பத்தாம் தேதி கூட்டத்தில் மறுபடி வாக்கெடுக்க வேண்டும். மாவட்டப் பத்திரிகை அதை அப்படியே போட்டது, எங்கள் மூன்று பேர் பெயரோடு.

டுவேன் முதல் லோடு கோதுமையை எடைமேடையில் ஏற்றியபோது நான் சன்னலைத் திறந்து அவரைப் பிடித்துக்கொண்டேன்.

"எழவுச் சாப்பாட்ட கூட்டம்னு எழுதி அனுப்பியிருக்கீங்களே, மனசு கூசலயா உங்களுக்கு?"

அவர் வண்டியை அணைத்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினார். "லோயிஸ் என்கிட்ட சொல்லிட்டா. தெரிஞ்சும் நான் பேசாம இருந்தா நானும் கூட்டுதானே. எனக்கு மட்டும் ஆசையா?"

"ஒரு வார்த்த என்கிட்ட கேட்டிருக்கலாம்."

"ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி நாங்க மூணு பேரு சாப்பாட்டுக் கடையில உட்கார்ந்து கூரை ரிப்பேர் பத்திப் பேசினோம்னு, கூட்டத்துல எந்திரிச்சு நின்னு கத்தினது யாரும்மா?"

நான்தான். சட்டப் புத்தகத்தில் அந்தப் பக்கத்தை நகல் எடுத்துக்கொண்டு போய் ஆட்டிக் காட்டியதும் நான்தான். அன்று எனக்குக் கைதட்டினார்கள். அவருடைய எடைச் சீட்டை அச்சடித்துக் கொடுத்துவிட்டு சன்னலைச் சாத்தினேன். எனக்கு வந்த எரிச்சலில் அடுத்த லாரிக்காரனுக்கு வேறு யாருடைய சீட்டையோ கொடுத்துத் தொலைத்தேன்.

அதுகூடப் பெரிய விஷயமில்லை. மறுபடி ஓட்டுப் போட்டால் மறுபடி மூன்று, அவ்வளவுதானே என்று மார்லிஸைத் தேற்றிக்கொண்டிருந்தேன். அந்த வாரமே கர்ட்டிஸ் ராஜினாமா கொடுத்துவிட்டார். இரண்டு வரி. காரணம் எழுதவில்லை.

அவரைப் பார்க்க வயலுக்குப் போனேன். இரண்டு பேர் பேசினால் கூட்டமில்லை, அதையும் வழியெல்லாம் கணக்குப் பார்த்துக்கொண்டேதான் போனேன், அந்த அளவுக்கு ஆகிவிட்டது என் நிலைமை. அறுவடை இயந்திரத்தின் கீழே படுத்து ஏதோ முடுக்கிக்கொண்டிருந்தார். வெளியே வரவில்லை. பூட்ஸைப் பார்த்துத்தான் பேச வேண்டியிருந்தது.

"ஒரே ஒரு ஓட்டுங்க. பத்தாம் தேதி வந்து கையத் தூக்கிட்டு அப்புறம் வேணா விலகிக்கங்க. கடிதாசிய போர்டு இன்னும் ஏத்துக்கல."

"எழுதிக் குடுத்தது குடுத்ததுதான்."

"தப்பு என்னோடது. நான்தான் வாய வச்சுக்கிட்டு சும்மா இருக்கல. உங்கள ஒருத்தரும் ஒண்ணும் சொல்லல."

இரும்புச் சத்தம் நின்றது.

"பேப்பர்ல என்ன போட்டிருந்துச்சு, பாத்தியா? எங்கண்ணன் செத்தப்ப நீங்கல்லாம் வந்து சாப்பிட்டீங்க. அத சட்டவிரோதக் கூட்டம்னு போட்டிருக்கான். அவன் பேரு பக்கத்துலயே. என் அண்ணி அத வெட்டி வச்சிருக்கா. ஏன்னு எனக்குத் தெரியல. கேக்கவும் பயமா இருக்கு."

"ட்ரிஷாவோட பொண்ணு..."

"தெரியும் ரோண்டா. எனக்கு மட்டும் தெரியாதா? அந்த மேஜையில இனிமே என்னால உட்கார முடியாது. அவ்வளவுதான். போ, வெயில்ல நிக்காத."

கோபம் வந்தது எனக்கு. பிடிவாதக்காரக் கிழம், அண்ணன் ஓட்டிய பஸ் என்று வாய் கிழியச் சொல்லிவிட்டு, இப்போது ரோஷம் பெரிதாகிவிட்டதாக்கும் என்று மனதுக்குள் திட்டினேன். காரில் ஏறி உட்கார்ந்த பிறகு அழுகை வந்தது. அவர்மேல் கோபப்பட எனக்கு என்ன யோக்கியதை இருந்தது?

பத்தாம் தேதி இரண்டுக்கு இரண்டு. சமமாக வந்தால் தீர்மானம் தோற்றதாகக் கணக்கு. காலி இடத்துக்கு ஆளை நியமிப்பதிலும் நாலு பேரும் இரண்டு இரண்டாகப் பிரிந்தோம். அடுத்த ஜூன் தேர்தல்வரை அந்த நாற்காலி காலிதான். அடுத்த வாரத்திலிருந்து பஸ் இல்லை.

ட்ரிஷா மறுநாள் எடைமேடைச் சன்னலுக்கு வந்தாள். வேலைச் சீருடையிலேயே இருந்தாள். கத்துவாள் என்று எதிர்பார்த்தேன், கத்தியிருந்தால் தேவலை. ஒரு படிவத்தை நீட்டினாள். பிள்ளைகளைப் பென்னர் பள்ளிக்கு விடுவிக்கச் சொல்லும் படிவம்.

"இது உங்க போர்டு ஒத்துக்கணுமாம். வியாழக்கெழம கூட்டத்துல எடுத்துக்குவீங்களா? அங்க திங்கக்கெழம ஸ்கூல் தொறக்குது."

"நான் காலையில வந்து கூட்டிட்டுப் போறேன் ட்ரிஷா. தினமும். சத்தியமா."

"அறுவடை நேரத்துலயா? அஞ்சு மணிக்கு நீங்க இங்க இருக்கணும். பனி விழ ஆரம்பிச்சா?" அவள் எனக்காக யோசித்து வைத்திருந்தாள், அதுதான் தாங்க முடியவில்லை. பின்னால் இரண்டு லாரிகள் காத்துக்கொண்டிருந்தன. போகப் போனவள் திரும்பினாள்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும். எழவு வீட்டுலயா அதப் பேசணும்?"

துக்கம் விசாரிக்கத் தெரியாமல் பேசிவிட்டேன் என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

வியாழக்கிழமை நூலக அறையில் கூட்டம். ட்ரிஷா முன்வரிசையில் இருந்தாள், பெண்கள் இரண்டு பேரும் வெளியே காரில். நாலாவது விஷயமாக டுவேன் படிவத்தைப் படித்தார். அந்தப் பெயர்களைப் படிக்கும்போது அவர் குரலும் இறங்கித்தான் இருந்தது. "யாராச்சும் முன்மொழியணும்" என்றார்.

கென்ட் பேனாவைப் பார்த்தார். மார்லிஸ் என்னைப் பார்க்காமல் இருந்தாள். ட்ரிஷா மட்டும் நேராக என்னைப் பார்த்தாள். சீக்கிரம் சொல்லிவிடு என்பதுபோலத் தலையை லேசாக அசைத்தாள்.

"முன்மொழியறேன்" என்றேன்.

மார்லிஸ் வழிமொழிந்தாள். யாருக்காவது ஏதாவது பேச வேண்டுமா என்று டுவேன் விதிப்படி கேட்டுவிட்டு, ஆதரிப்பவர்கள் கை தூக்கச் சொன்னார். நாலு கைகள் உயர்ந்தன. எதிர்ப்பு இல்லை. நான் போர்டுக்கு வந்த பதினாலு மாதத்தில் எல்லோரும் சேர்ந்து கை தூக்கியது அன்றுதான். எழுத்தர் எழுதிக்கொண்டாள், முத்திரை குத்தினாள். ட்ரிஷா காகிதத்தை வாங்கி மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, "ரொம்ப நன்றி" என்று எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லிவிட்டுப் போனாள். சன்னல் வழியாகக் கார் தெரிந்தது. ஹாடி முன்பக்கம் உட்கார்ந்து தங்கையிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். சின்னவள் சிரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். ட்ரிஷா ஏறி உட்கார்ந்த பிறகும் அவள் சொல்லி முடிக்கும்வரை வண்டி கிளம்பவில்லை. பிறகு கிளம்பி வடக்கே திரும்பியது.

டுவேன் ஐந்தாவது விஷயத்தைப் படித்துக்கொண்டிருந்தார், குளியலறைக் குழாய் ஒழுகுவதைப் பற்றி. மார்லிஸ் என் முழங்கையைப் பிடித்து மெல்ல இறக்கிவிட்டபோதுதான், என் கை இன்னும் மேலேயே நின்றிருந்தது எனக்குத் தெரிந்தது.