அம்சாவின் கழுத்துக்கு ஒரு வார்

எங்கள் கேமராவுக்கு ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு கண்கள். மேல்மூடியைத் திறந்து குனிந்து பார்த்தால்தான் எதிரே நிற்பவர் தெரிவார். ஆகவே அது வயிற்றுக்கு நேராகத் தொங்க வேண்டும். பாண்டிச்சேரியை விட்டுக் கிளம்பிய ஒரு பிரெஞ்சுக்கார அதிகாரியிடம் அதை வாங்கினேன். அவர் நெட்டையான மனிதர். கேமராவின் தோல் வாரும் அவர் உயரத்துக்கு ஏற்றதுதான். என் மனைவி அம்சா அதை மாட்டிக்கொண்டால் கேமரா தொடையில் இடிக்கும்.

திண்டிவனம் ஸ்டேஷன் ரோட்டில் எனக்கு ஒரு சின்ன ஸ்டூடியோ இருந்தது. மஞ்சள் நீராட்டுக்கு நான் படம் எடுக்கப் போனால், ஆண்பிள்ளை வந்துவிட்டான் என்று பெண் குனிந்த தலை நிமிராது. வகிடு மட்டும்தான் படத்தில் விழும். அறுபத்தொன்றாம் வருஷம் ஒருநாள், "நான் போய் எடுக்கறேங்க. அதுங்க என்னைப் பார்த்து இன்னாத்துக்கு வெக்கப்படப் போவுது?" என்றாள் அம்சா. எங்கள் இருட்டறையில் வேலை செய்து அவளுக்கு எல்லாம் பழக்கம்தான். ஆறே மாதத்தில், "வூட்டுக்காரம்மாவை அனுப்புங்க" என்று கேட்டுக்கொண்டு ஸ்டூடியோவுக்கு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். அவள் உள்ளே எடுப்பாள். நான் கேமராவைச் சுமந்து வருவேன், வாசலில் நின்று ஃபிலிம் மாற்றுவேன். இது போதும் என்று எனக்கும் இருந்தது.

வாரின் நீளத்தைக் குறைக்க அவள் இரண்டு முடிச்சுகள் போட்டிருந்தாள். அவை பிடரியில் கொண்டைக்கடலை மாதிரி அழுத்தும். சாயங்காலம் நல்லெண்ணெய் தேய்த்துக்கொள்வாள். வாரின் இரண்டு முனையிலும் நண்டுக் கொடுக்கு மாதிரி எஃகுக் கொக்கிகள். வம்பு அந்தக் கொக்கிகளால்தான் வந்தது.

திண்டிவனத்திலேயே ஒரு வீடு. ஃபிலிம் மாற்றுவதற்காக வாசற்படிக்கு வந்து, வாரைத் தலைக்கு மேலே தூக்கிக் கழற்றி என்னிடம் நீட்டினாள். கொடுக்கில் தாலிக்கயிறு சிக்கியிருந்ததை அவளும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. கேமராவும் தாலியும் சேர்ந்தே என் கைக்கு வந்தன.

உள்ளே இருந்த பெண்கள் அத்தனை பேரும் "ஐயையோ!" என்றார்கள். நான் அங்கேயே அதை எடுத்து அவள் கழுத்தில் திரும்பப் போட்டேன். ஒரே பெண்ணுக்கு இரண்டு தடவை தாலி கட்டியவன் அந்த ஊரில் நானாகத்தான் இருப்பேன். ஆனால் யாரும் சிரிக்கவில்லை. புருஷனுக்கு ஆகாது, ஒரு வருஷம் தாங்கினால் பெரிது என்று என் காதுபடவே பேசினார்கள். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. போன ஐப்பசியில் போனவள் அம்சா. நான் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

அன்று வீட்டுக்கு வந்ததும் அவள் சொன்னது இதுதான்: "அந்தப் பொண்ணைத் தனியா ஒண்ணு எடுக்கலாம்னு வெச்சிருந்தேங்க. அதுக்குள்ள கத்திட்டாளுங்க."

அடுத்த நாட்களில் ஒருவரும் அவளைக் கூப்பிடவில்லை. அனந்தபுரத்திலிருந்து பாஞ்சாலி அம்மாள் மட்டும் நேரில் வந்தார். அவர் புருஷன் துரைக்கண்ணுவுக்கு அங்கே நிலம் நீச்சு உண்டு. மகள் செண்பகத்தின் மஞ்சள் நீராட்டுக்கு எங்களிடம் முன்பே சொல்லி வைத்திருந்தார்கள்.

"அம்சா, எம்பொண்ணு நீதான் வரணும்னு ஒத்தக் கால்ல நிக்குது. வூட்ல மத்தவங்க வேணாங்கறாங்க. நான்தான் பேசி வெச்சிருக்கேன். அங்கயும் அந்த மாதிரி ஆச்சின்னு வெச்சிக்க, அப்பறம் எங்க பக்கம் ஒரு வூட்டு வாசல்லயும் உன்னை ஏத்தமாட்டாங்க."

"ஆவாதுக்கா. குத்தம் வாரு மேல. அதை மாத்திடறேன்."

"மாத்திட்டு வா."

அவர் போனதும் நான் மெல்ல, "இந்தப் பேஜாரே வேணாம், ஸ்டூடியோவுக்கு வர்றவங்களை மட்டும் எடுப்போம்" என்றேன்.

"வூட்டுக்குள்ள உக்காந்துக்கினு பாஸ்போர்ட் சைஸ் எடுக்கறதா? எழுந்திருங்க, விழுப்புரம் போய்ட்டு வரலாம்."

விழுப்புரம் ரயிலடிக்குப் பக்கத்தில் சவுரிராயன் கடை. பெட்டிக்குக் கைப்பிடி, படுக்கைக்கு வார், மாட்டுக்குக் கழுத்துப் பட்டை எல்லாம் தைப்பவர். உறுதியாக வேண்டும் என்று அம்சா சொன்னதும், நான்கு விரல் அகலத்தில் பித்தளைக் குமிழ் வைத்த ஒரு வாரை எடுத்துப் போட்டார்.

"அண்ணே, இது எனக்கா, வண்டிக்காளைக்கா?"

"நீதானம்மா உறுதியா இருக்கணும்னே?"

"உறுதின்னேன். உழப் போறேன்னா சொன்னேன்?"

அவர் சிரித்துக்கொண்டே கடையில் உள்ளதையெல்லாம் இறக்கினார். புடவை எடுப்பதைப் போல அவள் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். கழுத்தில் போடுவாள், கேமராவுக்குள் பார்க்கிற மாதிரி குனிவாள், கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பாள், கழற்றி வைத்துவிடுவாள். மெல்லிய தோல் அறுத்தது. பழைய தோல் வேர்வையில் நாறும் என்றாள். கித்தான் பட்டை அரம் போலத் தேய்த்தது.

"உனக்குக் கழுத்தா, பன்னீர்ப் பூவாம்மா?" என்றார் சவுரிராயன்.

"கழுத்துதாண்ணே. நாலு மணி நேரம் நிக்கணுமே."

கடைத்தெருவில் ஒருவர் கட்டிலுக்குப் பின்னுகிற பருத்தி நாடாவைச் சுருள் சுருளாக வைத்து விற்றுக்கொண்டிருந்தார். அம்சா நின்றாள். நுனியை எடுத்துக் காதுக்குப் பின்னால் தேய்த்துப் பார்த்தாள். "பிடரி பொறுத்துக்கும்ங்க. காதுக்குப் பின்னால இருக்கற தோலு பொய் சொல்லாது" என்றாள். வாங்கிக்கொண்டு சவுரிராயனிடமே திரும்பினோம்.

"கட்டில் நாடாவுலயா கேமரா? தூங்கிடப் போவுது, பாத்துக்க" என்றவர், அவள் சொன்னபடியெல்லாம் தைத்துக் கொடுத்தார். நாடாவை இரட்டையாக மடித்து ஓரம் அடித்தார். பழைய வாரிலிருந்து கொடுக்குகளை மட்டும் வெட்டி எடுத்து நாடாவில் பொருத்தி, எதுவும் சிக்காதபடி மெல்லிய தோலால் மூடினார். தலைக்கு மேலே தூக்குகிற வேலையே இருக்கக் கூடாது என்பதால், சாரணர் பெல்ட்டில் வருகிற பித்தளைக் கொக்கி ஒன்றை இடது தோளில் வைத்தார். கட்டை விரலால் தள்ளினால் வார் திறந்துகொள்ளும்.

ஆனால் உள்ளது ஒரே கேமரா. அதைத் தொங்கவிட்டுச் சோதிக்க எனக்குத் துணிவில்லை. அம்சா பித்தளைச் சொம்பில், எங்கள் பக்கம் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையை நிரப்பி, தராசில் கேமராவோடு எடை பார்த்து, சொம்பின் கழுத்தில் சணல் கட்டி அதை வாரில் மாட்டிக்கொண்டாள். அப்படியே வாசல் தெளித்தாள், மாவு அரைத்தாள். எதிர்வீட்டு அஞ்சம்மாள் எட்டிப் பார்த்தார்.

"இன்னாடி இது, கழுத்துல சொம்பு?"

"வேண்டுதலைக்கா."

"எந்தச் சாமிக்குடி?"

"போட்டோ சாமிக்கு."

முதல் நாள் கொக்கி தோள் எலும்பில் குத்தியது. அதை நெஞ்சுப் பக்கமாக இறக்கித் தைத்தாள். மறுநாள் பிடரி கன்றியது. ரவிக்கைத் துணியில் இலவம்பஞ்சு வைத்து அங்கே ஒரு மெத்தை கட்டினாள். சொம்பு இடுப்புக்கு மேலே நின்றால்தான் சுகம் என்று கண்டு, நீளத்தையும் வெட்டினாள். நான் போகும்போதும் வரும்போதும் சொம்பிலிருந்து ஒரு மல்லாட்டையை எடுத்துத் தின்றேன். எடை குறைகிறது என்று திட்டு வாங்கினேன்.

எல்லாம் முடிந்த பிறகு அஞ்சம்மாள்தான் ஒன்று சொன்னார். "வெள்ளையாவா கழுத்துல போட்டுக்கினு நல்ல காரியத்துக்குப் போவ?" உடனே அம்சா நாடாவை மஞ்சள் கரைத்த தண்ணீரில் முக்கிக் காயப் போட்டாள்.

"ரெண்டாந்தாலின்னு கிண்டல் பண்ணப் போறாங்க" என்றேன்.

"பண்ணட்டுமே. மொதல் தாலிதான் கழண்டு வருதே."

அனந்தபுரத்தில் நான் பந்தலில் துரைக்கண்ணுவோடு நின்றிருந்தேன். உள்ளே நடந்ததில் பாதி என் காதில் விழுந்தது, மீதியை அம்சா பஸ்ஸில் சொன்னாள். செண்பகத்தை நடுவில் உட்காரவைத்துப் பெண்கள் சுற்றி நின்றார்கள். ஆனால் ஒரு கண்ணும் கேமராவைப் பார்க்கவில்லை. எல்லாம் அம்சாவின் கழுத்திலேயே இருந்தன.

"இங்க பாருங்க. என் கழுத்துல ஒண்ணும் இல்ல. கண்ணாடியப் பாருங்க."

"எப்போ கழட்டுவ?" என்றது ஒரு குரல்.

"எடுத்து முடிச்சப்பறம்."

"அது வரைக்கும் எங்களுக்கு நெஞ்சு அடிச்சிக்கும். இப்பவே கழட்டிக் காட்டு."

பந்தலில் துரைக்கண்ணு என் கையைப் பிடித்துக்கொண்டார். உயிர் என்னுடையதல்லவா? எனக்கும் பயம்தான். ஆனால் நான் பயந்தது தாலிக்கு இல்லை. அவள் இனி வீட்டிலேயே உட்காரும்படி ஆகிவிடுமோ என்றுதான்.

வலது கையால் கேமராவைத் தாங்கிக்கொண்டு இடது கட்டை விரலால் கொக்கியைத் தள்ளினாள். நாடா வழுக்கி முன்னால் விழுந்தது. தாலி இருந்த இடத்தில் இருந்தது. பெரியவர்கள் இரண்டு பேர் கிட்ட வந்து, பானைக்குள் சோறு வெந்ததா என்று பார்ப்பதைப் போல அவள் கழுத்தில் எட்டிப் பார்த்தார்கள். செண்பகம் அதைப் பார்த்துக் களுக்கென்று சிரித்துவிட்டது. தொடர்ந்து எல்லோரும் சிரித்தார்கள். அதற்குள் அம்சா வாரை மாட்டிவிட்டாள். படமும் எடுத்துவிட்டாள்.

சாப்பாட்டுக்குப் பிறகு பாஞ்சாலி அம்மாள் வெளியே வந்தார்.

"மயிலத்துல என் தங்கச்சி பொண்ணுக்குத் தையில சடங்கு. நம்ம அம்சாவை அனுப்பிடுங்க."

"நாங்க ரெண்டு பேருமே வந்துடறோங்க" என்றேன்.

அம்சா பின்னாலிருந்து சொன்னாள்: "நீங்க எதுக்கு? கேமராவைத் தூக்கறதுக்குத்தான் வாரு இருக்குதே. அதுல தொங்கவிட்டுக்கினே ஃபிலிமும் நானே மாத்திடுவேன்."

தை மாதம் மயிலம் பஸ்ஸில் அவள் தனியாகத்தான் ஏறினாள். ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து, கேமராவை மடியில் வைத்துக்கொண்டு, "அடுப்புல குழம்பு இருக்குது, சுட வெச்சி சாப்புடுங்க" என்றாள். பஸ் கிளம்பிவிட்டது.