ஆரணிக்கு அம்மாவாக நடித்தவர்

சண்டிலிப்பாயில் அருமைநாயகி தனியாகத்தான் இருந்தார். கலியாணம் செய்யவில்லை. தாயையும் தகப்பனையும் கடைசிவரை பார்த்தது அவர்தான். இலண்டனில் இருக்கும் தம்பி ஞாயிறுகளில் போன் எடுப்பான். "சாப்பிட்டாச்சோ அக்கா?" என்று கேட்பான். வைத்துவிடுவான்.

பல்கலைக்கழகத்தில் நாடகம் படிக்கிற பிள்ளைகள் ஊர்ச்சனத்தோடு சேர்ந்து ஒரு நாடகம் போடவென்று வாசிகசாலைக்கு வந்தார்கள். வெளிநாடு போகும் மகளை வழியனுப்பும் தாயாக நடிக்க ஒருவரும் முன்வரவில்லை. பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த அருமைநாயகியை விரிவுரையாளர் ஜெயரூபன் கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூட்டிக்கொண்டு போனார். மகளாக நடித்தவள் ஆரணி, இறுதி வருட மாணவி.

ஒத்திகையில் ஆரணி, "அம்மா, போட்டு வாறன்" என்று கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். அருமைநாயகிக்குக் கைகளை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. தன்னை யாராவது கட்டிப்பிடித்து எவ்வளவு காலம் என்று வீட்டுக்கு வந்து யோசித்துப் பார்த்தார். நினைவுக்கு வரவில்லை.

அதன்பிறகு ஒத்திகை நாட்களில் காலையிலேயே தலை முழுகி, நல்ல சேலை உடுத்துக் காத்திருந்தார். ஒத்திகை முடிந்தாலும் ஆரணி 'அம்மா' என்றுதான் கூப்பிட்டாள். கோயில் வீதியில் நாடகம் நடந்தது. சனம் அழுதது. அடுத்த நாள் பிள்ளைகள் வரவில்லை. வருவதற்கு அங்கே வேலையும் இல்லை.

சில மாதம் கழித்து ஆரணி போன் எடுத்தாள்.

"கம்பஸிலை எங்கடை நாடக விழா அம்மா. கட்டாயம் வாங்கோ."

அருமைநாயகி பயத்தம் பணியாரம் சுட்டு எடுத்துக்கொண்டு போய் முன்வரிசைக் கதிரையில் இருந்தார். நடனங்கள் முடிந்து நாடகம் தொடங்கியது. அதே நாடகம். தாயாக வந்தவர் புத்தூர்ப் பராசக்தி என்று அறிவித்தார்கள். "அம்மா, போட்டு வாறன்" என்று ஆரணி அவரைக் கட்டிக்கொண்டாள். குரல் அதே இடத்தில் உடைந்தது. எல்லாரும் கைதட்டினார்கள். அருமைநாயகியும் தட்டினார்.

மேடைக்குப் பின்னால் போய் நின்றவரிடம் ஆரணி ஓடி வந்தாள். "வந்தனீங்களோ அம்மா! எப்பிடி இருந்தது?"

"நல்லாச் செய்தனி பிள்ளை."

படம் எடுக்கத் தோழிகள் கூப்பிட்டார்கள். "இருங்கோ, இப்ப வாறன்" என்று போனாள். திரைகளைக் கழற்றத் தொடங்கும்வரை அருமைநாயகி நின்றார். பிறகு பணியாரப் பொதியை ஒரு கதிரையில் வைத்துவிட்டு வெளியே வந்தார்.

யாழ்ப்பாண பஸ் நிலையத்தில் அருமைநாயகி போய் இருந்த நீள வாங்கில் பராசக்தியும் இருந்தார். கழுத்தில் இன்னும் பவுடர்.

"நீங்கள் முன்னுக்கு இருந்தனீங்கள், என்ன?"

"ஓம். எனக்கு அழுகை வந்திட்டுது."

பராசக்தியின் முகம் மலர்ந்தது. "என்ரை பெடியள் ஒருத்தரும் இங்கை இல்லை. அந்தப் பிள்ளை ஆரணி அடுத்த கிழமை வீட்டை வாறன் எண்டவள். என்ன சமைக்கிறதெண்டு யோசிக்கிறன்."

கோயில் வீதியில் நாடகம் முடிந்த அன்று அருமைநாயகியிடமும் ஆரணி அதைத்தான் சொல்லியிருந்தாள். வந்ததில்லை. சொல்லிவிடலாமா என்று வாய் வரை வந்தது.

"பிட்டு அவியுங்கோ," என்றார். "உந்தப் பிள்ளையளுக்குப் பிட்டெண்டால் விருப்பம்."

புத்தூர் பஸ் வந்தது. யன்னலுக்குள்ளிருந்து பராசக்தி கை காட்டினார். சண்டிலிப்பாய்ப் பக்கம் போகிற பஸ்ஸை இன்னும் காணவில்லை. அருமைநாயகி வாங்கின் நடுவுக்கு நகர்ந்து இருந்துகொண்டார்.