பதினாறாம் ஞாயிற்றின் பாடம்

சனிக்கிழமை மத்தியானம் கஞ்சி குடித்து எழுந்த சின்னதம்பி உபதேசியார், மறுநாள் ஆராதனைக்கு அடையாளம் வைப்பதற்காகப் பிரசங்கக் குறிப்புப் புத்தகத்தைப் பிரித்தார். திரித்துவத் திருநாளுக்குப் பின் வரும் பதினாறாம் ஞாயிறு. அதன் கீழே அன்றைக்கு வாசிக்க வேண்டிய சுவிசேஷ பாடம் போட்டிருந்தது. பார்த்ததும் புத்தகத்தை மூடிவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து, வேறு ஏதாவது இருக்கக்கூடும் என்பதுபோல மறுபடியும் பிரித்தார். அதே பாடம்தான். ஊர் வாசலில் ஒரு பாடை எதிரே வருகிறது. ஒரு விதவையின் ஒரே மகன். இயேசு பாடையைத் தொட்டு நிறுத்தி அவனை எழுப்பித் தாயிடம் கொடுத்துவிடுகிறார்.

பாஞ்சாலையின் மகன் தீர்த்தகிரியைப் புதைத்து அன்றைக்கு ஒன்பதாம் நாள். அவளும் விதவை. அவளுக்கும் அவன் ஒருவன்தான்.

ஜவ்வாது மலையின் அந்தப் பக்கத்தில் லுத்தரன் சபைக்கு மொத்தமே பதினொரு குடும்பங்கள். மண்சுவரும் தகரக் கூரையுமாக ஒரு சின்னக் கோயில். போதகர் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அடிவாரத்திலிருந்து ஏறி வந்து அப்பமும் திராட்சரசமுமாக இராப்போசனம் கொடுத்துவிட்டுப் போவார். மற்ற ஞாயிறுகளெல்லாம் சின்னதம்பிதான். எட்டாவது வரை படித்தவர். அச்சாகி வரும் குறிப்பில் என்ன இருக்கிறதோ அதை அப்படியே வாசிப்பார். இந்தப் பதினாலு வருஷத்தில் சொந்தமாக ஒரு வாக்கியம் சேர்த்ததில்லை. போதகர் அதைப் பணிவு என்று ஒருமுறை எல்லார் முன்னாலும் பாராட்டினார். அது பயம்தான் என்று சின்னதம்பிக்குத் தெரியும். பாடங்களும் வருஷா வருஷம் அதே வரிசையில் வந்துபோகும். இந்தக் கதையையும் ஒவ்வொரு வருஷமும் வாசித்திருக்கிறார். ஒருமுறைகூட அந்தத் தாயைப் பற்றி யோசித்ததில்லை.

தீர்த்தகிரிக்குப் பத்தொன்பது வயது. அவனுக்குக் காய்ச்சல் கண்ட மூன்றாம் நாள், செவ்வாய்க்கிழமை, பாஞ்சாலையின் தம்பி சடையன் மூங்கிலும் கம்பளியும் கொண்டுவந்து டோலி கட்டினான். சடையன் சபையைச் சேர்ந்தவன் இல்லை. கோயில் பக்கம் வராதவன். ஆனாலும் அக்கா மகனை எட்டு மைல் தூக்கிக்கொண்டு இறங்க ஆள்களையும் கூட்டி வந்திருந்தான். மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. பாஞ்சாலை வேறு யாரையும் பார்க்காமல் உபதேசியாரைப் பார்த்தாள்.

"வெள்ளிக்கிழம மரம் ஏத்தற லாரி வரும்மா. அதுல கொண்டு போலாம். இந்த மழையில நனைஞ்சா ஜன்னி கண்டுடும். போன வருசமும் காய்ச்சலு இப்பிடித்தான இருந்துச்சி, ஜெபம் பண்ணோம், எறங்கிடுச்சி" என்றார் சின்னதம்பி.

சடையன் மூங்கிலைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டுப் போனான். இரண்டு நாள் ஜெபம் நடந்தது. வியாழக்கிழமை காலையில் பையனுக்குத் தாயை அடையாளம் தெரியவில்லை. அப்போதுதான் தூக்கினார்கள். அடிவாரத்து ஆஸ்பத்திரியில் ஒரு மணி நேரம் இருந்தான். வெள்ளிக்கிழமை, சொன்னபடியே லாரி வந்தது. அதில்தான் தீர்த்தகிரியை மேலே கொண்டுவந்தார்கள்.

அடக்க ஆராதனையை சின்னதம்பி புத்தகத்தைப் பார்த்துத் தடங்கலில்லாமல் வாசித்து முடித்தார். அதன்பிறகு ஓடையில் கை கழுவும்போது சடையன் பக்கத்தில் வந்து, தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "ரெண்டு நாள் முன்னாடி கொண்டாந்திருக்கலாமேன்னு டாக்டரு கேட்டாருங்க." குரலில் கோபம் இல்லை. சேதி சொல்வதுபோலச் சொல்லிவிட்டுக் கரையேறிப் போய்விட்டான்.

அடுத்த ஞாயிறு பாஞ்சாலை கோயிலுக்கு வரவில்லை. இந்த ஞாயிறு வருவாளென்று சின்னதம்பியின் மனைவி ரத்தினம்மாள்தான் கேட்டு வந்து சொன்னாள். புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவரைப் பார்த்ததும் அவளுக்கு விஷயம் புரிந்தது.

"வேற ஏதாச்சும் படிச்சிட்டு வாங்களேன். யாருக்குத் தெரியப் போவுது?"

"புஸ்தகத்துல இதத்தான் போட்டிருக்குது."

"புஸ்தகம் போட்டவங்களுக்கு அவ புள்ள செத்தது தெரியுமா?"

சின்னதம்பி துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார். நாளைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிடலாம், உடம்பைப் பார்த்துக்கொள் என்று ஏதாவது சேர்த்துக்கொள்ளலாம் என்று வழியெல்லாம் வார்த்தை தேடினார். பாஞ்சாலை வீட்டுக்கு வெளியே நின்று, மழையில் கரைந்த சுவருக்குச் செம்மண் அப்பிக்கொண்டிருந்தாள். முழங்கை வரைக்கும் மண். அவளைப் பார்த்தால் துக்க வீட்டுக்காரி போலத் தெரியவில்லை. வேலை மிச்சமிருக்கிற ஒருத்தி போலத்தான் இருந்தாள்.

"வாங்கய்யா. உள்ளல்லாம் ஈரமா கீது. இந்தக் கல்லு மேல உக்காருங்க" என்றாள். பிறகு அவளே கேட்டாள். "நாளைக்கு இன்னா பாடம்? சனிக்கிழமையானா அவன் படிச்சிக் காட்டிடுவான். முன்னாடியே கேட்டுக்கினாத்தான் கோயில்ல எனக்குப் புரியும்."

சின்னதம்பி கல்லின் மேல் உட்கார்ந்தார். "விதைக்கிறவன் கதைம்மா" என்றார்.

"கொஞ்சம் பாறையில வுழுவும், கொஞ்சம் முள்ளுல வுழுவும், அதா?"

"அதான்."

மண்ணை உருட்டிய கை நின்றது. "அது மாசியில வர்ற பாடமாச்சேய்யா."

"இந்த வருசம் மாத்திட்டாங்க."

பாஞ்சாலை அவரை ஒருமுறை பார்த்தாள். படிக்கத் தெரியாதவள்தான். ஆனால் எந்த மாசத்தில் எந்தக் கதை வருமென்று, எந்த மழைக்கு எதை விதைப்பதென்று அறிந்ததுபோல அவளுக்குத் தெரியும். மறுபடியும் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டாள். சின்னதம்பி போய்ட்டு வர்றேன் என்று சொன்னது அவருக்கே கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மழை இல்லை. பீடத்தின் மேல் பச்சைத் துணி விரித்திருந்தது. பெண்கள் பக்கத்தில் பாஞ்சாலை பாயின் ஓரமாக உட்கார்ந்திருந்தாள். அவளை ஒட்டி உட்கார யாருக்கும் துணிவில்லாமல் ஒரு ஆள் இடம் காலியாகக் கிடந்தது. சின்னதம்பி விதைக்கிறவன் கதைக்கான பழைய குறிப்பொன்றை வேதப்புத்தகத்துக்குள் செருகிக் கொண்டுவந்திருந்தார். முதல் பாட்டு முடிந்தது. பாவ அறிக்கை ஆரம்பமானது. செய்த தப்புகளையும் செய்யத் தவறினவற்றையும் எல்லோரும் சேர்ந்து கடவுளிடம் ஒப்புக்கொள்ளும் இடம். வாரா வாரம் சொல்லிச் சொல்லி வழுக்கிக்கொண்டு போகிற வார்த்தைகள். பாதியில் சின்னதம்பியின் குரல் நின்றுபோனது. சபை இன்னும் அரை வரி ஓடி, முன்னால் சொல்லிக்கொடுக்கும் குரல் இல்லாததால் தானும் நின்றது.

"நான் நேத்து பாஞ்சாலைகிட்ட பொய் சொன்னேன்" என்றார் சின்னதம்பி. "இன்னிக்கிப் பாடம் விதைக்கிறவன் கதை இல்ல."

முன்வரிசையில் இருந்த சபை மூப்பர் தங்கவேல் தலையை நிமிர்த்தினார்.

"இன்னொண்ணும் கீது. டோலி வேணாம்னு சொன்னது நான்தான். மழை பெஞ்சுது, நெசம்தான். ஆனா அதுக்காக மட்டும் சொல்லல. ஆஸ்பத்திரியில பேசறதுக்கு என்னையும் கூட வான்னு கூப்புடுவாங்க. எட்டு மைலு எறங்கணும், திரும்பி ஏறணும். எனக்கு முட்டி வலி. நடக்கறதுக்கு மனசு வரல." அவர் மேசையின் இரண்டு ஓரத்தையும் பிடித்துக்கொண்டார். "அத்தப் போயி ஜெபம்னு சொல்லிட்டேன்."

வெளியே எங்கோ ஒரு ஆடு கத்தியது. பெண்களில் ஒருத்தி முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். தங்கவேல் இருமினார்.

பாஞ்சாலை உட்கார்ந்த இடத்திலிருந்தே கேட்டாள். "அப்ப இன்னிக்கி இன்னா பாடம்?"

சின்னதம்பி சொன்னார். விதவை, ஒரே மகன், ஊர் வாசல், பாடை. ஒவ்வொன்றாகச் சொன்னார்.

"படிங்க."

"வேணாம்மா."

"படிங்கய்யா. அது இருக்கறது இருக்கறதுதான."

அவர் வாசித்தார். அழாதே என்று இயேசு அவளிடம் சொல்லும் இடத்தில் தன் குரல் உடைந்துவிடும் என்று நினைத்திருந்தார். அது அங்கே உடையவில்லை. அதற்கும் முன்னால், ஒரே மகன் என்ற இடத்திலேயே உடைந்துவிட்டது. அந்த வரியை முதலிலிருந்து மறுபடி வாசித்துத் தொடர்ந்தார். பிள்ளை எழுந்து உட்கார்ந்தான், பேசத் தொடங்கினான், தாயிடம் ஒப்படைக்கப்பட்டான். முடிந்தது.

"எழுந்து உக்காந்து பேசினான்னு கீதே" என்றாள் பாஞ்சாலை. "இன்னா பேசினான்?"

விடை தெரிந்திருந்தும் சின்னதம்பி புத்தகத்தில் விரலை ஓட்டிப் பார்த்தார். "எழுதலம்மா."

"அந்தம்மா பேரு?"

"அதுவும் எழுதல."

அவள் தலையை மெதுவாக ஆட்டிக்கொண்டாள். பிறகு, பக்கத்தில் இருப்பவளிடம் சாதாரணமாகச் சொல்வதுபோலச் சொன்னாள். "எம்புள்ள ரெண்டு நாளும் பேசிக்கினேதான் இருந்தான். லாரி வந்துடுச்சாம்மா, லாரி வந்துடுச்சாம்மான்னு."

புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தாள். யாரையும் பார்க்காமல், வாசலில் தன் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

அன்றைக்குப் பிரசங்கம் இல்லை. பாட்டை யாரும் எடுத்துக்கொடுக்கவில்லை. சின்னதம்பி கர்த்தர் கற்பித்த ஜெபத்தைச் சொன்னார். சபையும் சொன்னது. பிறகு ஒவ்வொருவராக எழுந்து அவர் பக்கம் வராமலே வெளியேறினார்கள். தங்கவேல் மட்டும் நின்று, "போதகருக்கு நான் ஒண்ணும் எழுத மாட்டேங்க" என்றார். "எழுதுங்க" என்றார் சின்னதம்பி.

அவர் வெளியே வந்தபோது வெயில் ஏறியிருந்தது. கோயிலுக்குக் கீழே சரிவில் பாஞ்சாலையின் சாமைக் கொல்லை. கதிர் வாங்கித் தலை சாய்ந்திருந்தது. காவலுக்கு ஆளில்லாமல் பத்து நாளுக்கு மேலாகக் குருவிகள் அதில் இறங்கி மேய்ந்திருந்தன. மேல் வரப்பில் அவள் நின்று, அடிவயிற்றிலிருந்து நீளமாக ஓவென்று குரல் விட்டாள். குருவிகள் மொத்தமாக எழும்பி, ஒரு வட்டம் சுற்றி, கீழ்க் கோடியில் போய் உட்கார்ந்தன. அவள் கீழ்க் கோடிக்கு ஓடினாள். அவை மேலே வந்தன. ஒரு ஆளால் ஆகிற காவல் இல்லை அது.

சின்னதம்பி வேதப்புத்தகத்தைக் கோயில் வாசற்படியில் வைத்தார். வலது முட்டியைப் பிடித்துக்கொண்டு சரிவில் இறங்கி, அவள் இல்லாத மேல் வரப்பில் போய் நின்றார். குருவிகள் அவர் பக்கமாக வந்தன. கையை உயர்த்தினார். முதலில் ஒன்றும் வரவில்லை. பிறகு, தன்னிடம் இருந்ததென்று அவரே அறியாத ஒரு சத்தம் நெஞ்சைப் பிளந்துகொண்டு வந்தது.

பாஞ்சாலை திரும்பிப் பார்த்தாள். தன் பக்கத்துக் கதிர்களைப் பார்த்துத் திரும்பி நின்று அவளும் குரல் கொடுத்தாள். இறங்க இடம் இல்லாமல் குருவிக் கூட்டம் இரண்டு பேருக்கும் நடுவில், கொல்லைக்கு மேலே, வெயிலில் படபடத்துக்கொண்டு நின்றது.