அசைவில்லாத ஆறு மணி நேரம்

அந்தக் கருவி தீப்பெட்டி அளவுதான் இருக்கும். எலாஸ்டிக் பட்டையில் கோத்துக் குழந்தையின் இடுப்பில் கட்டிவிட வேண்டும். நடந்தால், ஓடினால், குதித்தால் எண்ணிக்கொள்ளும். குளிக்கும்போதும் இரவில் தூங்கும்போதும் மட்டும் கழற்றலாம். ஏழு நாள் கழித்து வாங்கிக் கணினியில் சொருகினால், ஏழு நாளும் கோடு கோடாகத் திரையில் எழுந்து நிற்கும்.

கட்டிவிடுவது, திரும்ப வாங்குவது, கோடுகளைச் சரிபார்ப்பது. படிப்பு முடிந்து எனக்குக் கிடைத்த முதல் வேலை இதுதான். அதிகம் பேச வேண்டியதில்லை என்பதால் பிடித்திருந்தது.

ஆய்வு நான்காம் வகுப்புப் பிள்ளைகளைப் பற்றியது. வீட்டில் சாப்பாடு எப்படி, பிள்ளை எவ்வளவு ஓடியாடுகிறது, இரண்டுக்கும் என்ன தொடர்பு. அதோடு இன்னொன்றும் இருந்தது. அளவீடு முழுமையாக முடிந்த பிள்ளைகளில் மிகவும் சோர்ந்திருக்கும் முப்பது பேருக்கு ஒரு வருடம் முழுக்கப் பள்ளியிலேயே காலை உணவு கிடைக்கும். ஒரு டம்ளர் பால், ஒரு முட்டை, இரண்டு துண்டு ரொட்டி. மதியச் சாப்பாடு ஏற்கெனவே எல்லோருக்கும் உண்டு.

முழுமை என்பதற்கு ஒரு விதி வைத்திருந்தோம். பகலில் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் அசைவு பதிவாகவில்லை என்றால், பிள்ளை கருவியைக் கழற்றி வைத்துவிட்டதாகக் கொள்ள வேண்டும். அந்த நாளை நீக்கிவிட வேண்டும். விடுமுறை நாள் ஒன்றாவது தேற வேண்டும், இல்லையென்றால் அந்தப் பிள்ளை கணக்கிலேயே இல்லை. எந்தப் பிள்ளையாலும் ஒன்றரை மணி நேரம் ஆடாமல் இருக்க முடியாது, நாற்காலியில் உட்கார வைத்தாலும் புழு மாதிரி நெளியும் என்று ஆய்வை நடத்தும் எங்கள் மேடம் விளக்கியிருந்தார். மூன்று பிள்ளைகளை வளர்த்தவர். எனக்கும் நியாயமாகவே பட்டது.

பிள்ளைகள் எங்கள் கண்ணில் மண்ணைத் தூவவும் செய்தார்கள். ஒருத்தி கருவியை வீட்டு நாயின் கழுத்தில் கட்டிவிட்டு, ஒரே நாளில் முப்பத்தோராயிரம் அடி நடந்ததாகக் காட்டினாள். இரட்டைச் சகோதரிகள் இருவர் ஆளுக்கொரு நாள் என்று முறை வைத்து இரண்டு கருவியையும் மாறி மாறிக் கட்டிக்கொண்டார்கள். போகப் போக நான் யார் சொல்வதையும் நம்பாமல் கோட்டை மட்டும் நம்பப் பழகியிருந்தேன்.

அந்த வகுப்பில் ஒருத்தியை விளையாட்டு ஆசிரியர் மகாராணி என்றுதான் கூப்பிடுவார். மற்றவர்கள் தலைதெறிக்க ஓடும்போது அவள் மைதானத்து ஓரத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பாள். பந்து காலடியில் வந்து நின்றாலும் எடுத்து எறியமாட்டாள். "மகாராணி கால் தரையில படாது, யாராவது பல்லக்கு எடுத்துட்டு வாங்கப்பா" என்பார் ஆசிரியர். பிள்ளைகள் சிரிப்பார்கள், அவளும் சேர்ந்து சிரிப்பாள். விளையாட்டு வகுப்பு காலை முதல் மணியில் நடந்தது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அவளே படிக்கட்டில் இரண்டிரண்டு படியாகத் தாவிப் போவதையும் பார்த்திருக்கிறேன். இரண்டையும் பார்த்தேன், ஆனால் சேர்த்துப் பார்க்கவில்லை.

முதல் வாரம் அவள் கருவியைச் சொருகியபோது திங்கள் முதல் வெள்ளி வரை கோடு சரியாக இருந்தது. சனிக்கிழமை காலை பத்தரையிலிருந்து மாலை நாலரை வரை ஒன்றுமே இல்லை. ஞாயிறும் அப்படியே. இரண்டு நாளையும் நீக்கினேன். கழற்றி வைத்தாயா என்று கேட்டதற்கு இல்லை என்றாள். சரி, இன்னொரு வாரம் பார்க்கலாம் என்று மறுபடி கட்டிவிட்டேன்.

அன்று மாலையே கேள்விப் படிவத்தோடு அவள் வீட்டுக்குப் போனேன். இரண்டாம் மாடியில் ஒரே அறை. ஜன்னலைத் திறந்தால் அடுத்த கட்டடத்தின் சுவர். அப்பா அவர்களோடு இல்லை என்று பள்ளிப் பதிவேட்டிலேயே இருந்தது. அம்மா மருத்துவமனைத் துணிகளை வெளுக்கும் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிறார். வாரத்தில் ஆறு நாள் வேலை, ஓய்வு புதன்கிழமை. முழங்கைக்குக் கீழே பழையதும் புதியதுமாகச் சூட்டுத் தழும்புகள். அப்போதுதான் வேலையிலிருந்து வந்திருந்தார். வீட்டிலிருந்த ஒரே நாற்காலியில் என்னை உட்கார வைத்துவிட்டு, ஒரு தட்டில் நான்கு பிஸ்கட் கொண்டுவந்து நீட்டினார்.

வேண்டாம் என்று சொல்லக் கூச்சமாக இருந்தது. இரண்டைத் தின்றேன். நான்கு வயதுத் தங்கை என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா கையை நீட்டி அவள் முகத்தை மெல்ல அந்தப் பக்கம் திருப்பிவிட்டார்.

கடந்த மாதம் வீட்டில் சாப்பாடு போதாமல் பிள்ளைகள் பசியோடு இருந்தது உண்டா? ஒருவேளைச் சாப்பாட்டைத் தவிர்த்தது உண்டா? இப்படி ஒன்பது கேள்விகள். தலையைப் படிவத்தில் கவிழ்த்துக்கொண்டு வாசித்தேன். ஒன்பதுக்கும் இல்லை என்றார். பெரியவள் அம்மாவின் தோளுக்குப் பின்னால் நின்று தங்கைக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு கேள்விக்கும் அவள் சீப்பு நின்றது. கேள்விகள் சீக்கிரம் முடிந்ததில் எனக்கு நிம்மதி.

கிளம்பும்போது அம்மா கொஞ்சம் பெருமையாகவே சொன்னார். "ரெண்டும் ஒரு தொந்தரவும் பண்ணாதுங்க. நான் வர்ற வரைக்கும் வச்ச எடத்துல வச்சபடி இருக்கும்." அதை எழுதப் படிவத்தில் இடமில்லை.

இரண்டாம் வாரமும் அதே சனி, அதே ஞாயிறு. பள்ளி வராந்தாவில் மடிக்கணினியை வைத்துப் பார்த்துவிட்டு அவளைத் தனியாகக் கூப்பிட்டேன். எனக்கு அதட்ட வராது. கழற்றியிருந்தால் கழற்றினேன் என்று சொல்லிவிடலாம், யாரும் திட்டமாட்டார்கள், பொய் மட்டும் சொல்லக் கூடாது என்றேன். அவள் என் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"கழட்டலக்கா" என்றாள், முன்பைவிட மெதுவாக.

குரல் இறங்கியதைத் தப்புச் செய்ததற்கு அடையாளமாக எடுத்துக்கொண்டேன். இன்னொரு வாரத்துக்கு மேடம் ஒத்துக்கொள்ளமாட்டார் என்று தெரியும். ஆனால் நீ கணக்கில் இல்லை என்று அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல வாய் வரவில்லை. பார்க்கலாம் என்று மென்று விழுங்கிவிட்டு, கருவியைத் திரும்ப அவள் இடுப்பிலேயே கட்டி அனுப்பினேன். பிறகு மறந்துபோனேன்.

முப்பது பேர் பட்டியல் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டது. அவள் பெயர் இல்லை. அடுத்த திங்கள் முதல் சமையலறையில் பால் காய்ச்சினார்கள்.

மாதக் கடைசியில் கருவிகளை எண்ணிப் பெட்டியில் அடுக்கும்போது ஒன்று குறைந்தது. யாரிடம் இருக்கிறது என்று அப்போதுதான் நினைவு வந்தது. மறுநாள் சனிக்கிழமை. நண்பகல் வாக்கில் அவள் வீட்டுக்குப் போனேன்.

கதவு சும்மா சாத்தியிருந்தது. தட்டினேன், பதில் இல்லை. லேசாகத் தள்ளினேன். தரையில் விரித்த போர்வை மேல் இருவரும் மல்லாந்து படுத்திருந்தார்கள். சின்னவள் கண்களை இறுக்கி மூடியிருந்தாள். பெரியவள் இரண்டு கையையும் வயிற்றின் மேல் வைத்துக்கொண்டு கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. காய்ச்சலோ என்று பதறிப்போய் அருகில் உட்கார்ந்தேன்.

சின்னவள் ஒரு கண்ணை மட்டும் திறந்தாள்.

"பேசாதீங்க. அசைஞ்சா அவுட்டு" என்றாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அக்காதான் எப்பவும் ஜெயிப்பா."

பெரியவள் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தாள். சாப்பிட்டீர்களா என்று கேட்டேன். காலையில் டீ குடித்ததாகச் சின்னவள் சொன்னாள். வேலை செய்யும் இடத்தில் அம்மாவுக்கு மதியம் கொடுக்கும் ரொட்டி நாலரைக்கு வீட்டுக்கு வரும். சனி, ஞாயிறு இரண்டு நாளும் அவ்வளவுதான். விளையாட்டை யார் சொல்லிக்கொடுத்தது என்றேன்.

"அம்மா. ஓடுனா சீக்கிரம் பசிக்கும்ல" என்றாள் பெரியவள், எனக்குத் தெரியாத ஒன்றைப் பொறுமையாகச் சொல்லித்தருபவள்போல. பிறகு சட்டையை லேசாக உயர்த்திக் காட்டினாள். கருவி இடுப்பிலேயே இருந்தது. பட்டை அழுக்கேறி முறுக்கிக்கொண்டிருந்தது.

"குளிக்கறப்ப மட்டுந்தான் கழட்டுனேன். இப்பவாவது நம்புறீங்களாக்கா?"

நம்புகிறேன் என்றேன். அவள் தலையாட்டினாள். அவளுக்கு அது போதுமானதாக இருந்தது.

அம்மா வரும்வரை அங்கேயே இருந்தேன். பெரியவளைத் தண்ணீர் பிடித்துவர அனுப்பிவிட்டு, பட்டியலைப் பற்றியும் நான் நீக்கிய நாட்களைப் பற்றியும் அவரிடம் சொன்னேன். ரொட்டிப் பொட்டலத்தைக் கையில் வைத்தபடி நின்றுகொண்டே கேட்டார். அவர் என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அன்னைக்கி அவ பக்கத்துலயே நின்னுட்டிருந்தாம்மா. அவளை வச்சுக்கிட்டு அப்படிக் கேட்டா, எந்த அம்மா ஆமான்னு சொல்லுவா? தனியா கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

அன்றே அலுவலகம் போய் அவளுடைய நாட்களை நொடிக்கணக்கில் விரித்துப் பார்த்தேன். மேசை மேல் கிடக்கும் கருவி தட்டையான கோடு போடும். அவள் கோடு தட்டையாக இல்லை. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை, கால் மணிக்கு ஒருமுறை, அடியாக எண்ணப்படாத, ஊசி முனையளவு ஒரு துடிப்பு இருந்தது. இருமியிருக்கலாம், தங்கைக்குப் போர்வை இழுத்துவிட்டிருக்கலாம். இதைப் பார்க்க ஐந்து நிமிடம் ஆகியிருக்கும்.

திங்கட்கிழமை மேடத்திடம் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தார். நீக்கிய எல்லா நாட்களையும் எடுத்துவரச் சொன்னார். இருவரும் உட்கார்ந்து விரித்தோம். சனி, ஞாயிறுகளில் அதே துடிப்போடு மொத்தம் பதினோரு பிள்ளைகள். பசி அதிகமாக இருந்த பிள்ளைகளாகப் பார்த்து நாங்களே கழித்துக் கட்டியிருந்தோம்.

"வயிறு நெறஞ்ச பிள்ளைங்களுக்கு எழுதின விதி இது" என்றார் மேடம்.

உணவு கொடுக்கும் அமைப்புக்கு அவர் இரண்டு கடிதம் எழுதினார். இந்த வருடப் பட்டியலை மாற்ற இயலாது, அடுத்த வருடம் பதினொருவருக்கும் முதலிடம் தரலாம் என்று பதில் வந்தது. பள்ளிச் சமையல்கார அம்மாவிடம் கேட்டேன். பாலில் வேண்டுமானால் கொஞ்சம் மிச்சம் பிடிக்கலாம், பார்க்கிற மற்ற பிள்ளைகளுக்கு நீ பதில் சொல்வாயா என்றார்.

சனிக்கிழமைகளில் ரொட்டியும் முட்டையும் வாங்கிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். முதல் முறை நாலரைக்கு மேல் போனதால் அம்மாவும் வீட்டில் இருந்தார், வாங்கிக்கொண்டார். இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் பெரியவள் வாங்கிக்கொண்டாள். நான்காம் முறை கதவு உள்ளே தாழிட்டிருந்தது. தட்டினேன். உள்ளே சின்னவள் ஏதோ சொல்ல, அக்கா அவளை அடக்குவது கேட்டது. என்னை உள்ளே விட வேண்டாமென்று அம்மா சொல்லியிருப்பார் என்று நினைத்தேன். அல்லது, அசைந்தால் தோற்றுவிடுவோம் என்று அவர்கள் படுத்திருந்திருக்கலாம். இன்னொருமுறை தட்டியிருக்க வேண்டும். பையைக் கதவோரம் வைத்துவிட்டு இறங்கி வந்தேன். அதற்குப் பிறகு போகவில்லை.

அடுத்த வருடம் பள்ளி திறந்த இரண்டாம் வாரம் புதுப் பட்டியல் வந்தது. பதினொரு பெயர்களும் மேலே இருந்தன, அவள் பெயர் முதலில். காலை ஏழரைக்குச் சமையலறை வாசலில் பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். சமையல்கார அம்மா பட்டியலைத் தூரப் பிடித்துக்கொண்டு முதல் பெயரைக் கூப்பிட்டார். யாரும் வரவில்லை. இன்னொருமுறை உரக்கக் கூப்பிட்டார்.

வரிசையில் நின்ற ஒரு பெண், "மகாராணியா? அவங்க வீடு மாத்திட்டுப் போயிட்டாங்க. லீவுலயே" என்றாள்.

எங்கே என்று கேட்டேன். அவளுக்குத் தெரியவில்லை. அலுவலக அறையில் கேட்டேன். மாற்றுச் சான்றிதழ் வாங்கிப் போயிருக்கிறார்கள், புதுப் பள்ளியின் பெயரை எழுதவில்லை. சலவைக்கூடத்துக்குப் போய்க் கேட்டேன். அந்த அம்மா வேலையை விட்டு ஒரு மாதமாகிறது என்றார்கள்.

நான் திரும்பி வந்தபோது பால் ஆறியிருந்தது. அந்த இடத்துக்கு யாரைப் போடுவது என்று சமையல்கார அம்மா கேட்டார். பட்டியலின் அடியில், காத்திருப்போரில் முதலாவதாக, முப்பத்தோராவதாக இருந்த பெயரை வாசித்தேன். குட்டையாக ஒருத்தி வரிசைக்கு வெளியிலிருந்து ஓடிவந்து, டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, எங்கேயும் உட்காராமல் நின்றபடியே குடித்தாள்.